ஊசி குத்திக்கப் போறவங்க மொதல்ல கேக்க வேண்டியது

ஆசிரியர் ஐயா அவங்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட இணைப்புல அக்குபங்சர், அதான் ஒடம்புல மெலிசான ஊசி குத்தற சீன வைத்தியம், அதப் பத்தி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்துச்சு. எங்க பனியன் கம்பெனில செக்கிங் டேபிள்ல இருக்கற அக்கா ஒருத்தங்க அத வெட்டி எடுத்துட்டு வந்து டீ பிரேக்ல எல்லாருக்கும் காட்டுனாங்க, கை மாறி கை மாறி சாயங்காலத்துக்குள்ள அந்தக் காயிதம் மெஷின் எண்ணெய் பட்டு கசங்கியே போச்சு. கழுத்து வலி, இடுப்பு வலி, முட்டி வலி இல்லாத ஆளே எங்க லைன்ல கெடையாதுங்க, அதனால படிச்ச கையோட மூணு பேரு வர்ற ஞாயித்துக்கிழமையே போறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் ஏற்கனவே போயிட்டு வந்தவங்கறதால எங்கிட்ட வந்து வலிக்குமா, எவ்வளவு ஆகும், எத்தன தடவ போகோணும்னு கேட்டாங்க. அவங்களுக்கு நான் சொன்னதுல பாதி கூட உங்க கட்டுரைல இல்லைங்க. என்னென்ன நோய்க்கு பலன் இருக்குன்னு வரிசையா போட்டிருந்தீங்க, புதுசா போறவங்க அங்க போயி எதப் பாக்கோணும், என்ன கேக்கோணும்னு ஒரு வரி கூட இல்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர், நீளமாத்தான் இருக்கும், முடிஞ்சா முழுசா போடுங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் அக்குபங்சருக்கு எதிரி கெடையாது. எனக்கு அது நல்லது பண்ணுச்சு. ஆனா அதே பேரச் சொல்லி ஒருத்தர் எங்க அண்ணன் பையனோட உசுருக்கே உலை வெச்சுட்டாரு. ரெண்டுமே எங்க வீட்டுல நடந்ததுங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சா போதும், புதுசா போற ஒருத்தர் பொழச்சுக்கலாம்.

நான் திருப்பூர்ல 22 வருசமா பவர் டேபிள் டெய்லருங்க, அதாவது கரண்ட் மெஷின்ல பனியன் தைக்கற வேலை. காலைல 8.30க்கு உக்காந்தா குனிஞ்ச தலை குனிஞ்சபடியே இருக்கோணும், சீசன் நேரத்துல ஒண்ணரை ஷிஃப்ட், ரெண்டு ஷிஃப்ட் கூட ஓடும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கழுத்துல ஆரம்பிச்ச வலி வலது தோள்பட்டைக்கு எறங்கி, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுக்கவே முடியாம போச்சு. டாக்டர்கிட்ட காட்டி எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு தேய்மானம் லேசா இருக்குது, தசை இறுக்கம்தான் ஜாஸ்தின்னு சொல்லி மாத்திரை குடுத்து எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாங்க. வலி மாத்திரை போட்டா வயிறு எரியுது, போடலன்னா கை தூக்க முடியல. அப்பத்தான் பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லி ஒரு அக்குபங்சர் டாக்டர்கிட்ட போனேன். அவங்க இயற்கை மருத்துவம் அஞ்சரை வருசம் படிச்ச பி.என்.ஒய்.எஸ். டாக்டரு, அந்தப் படிப்புலயே அக்குபங்சரும் ஒரு பாடமா வருதுங்க.

மொத நாள் போனப்போ அவங்க ஊசிய எடுக்கவே இல்ல, அரை மணி நேரம் கேள்விதான். என்ன வேலை, எந்தப் பக்கம் திரும்புனா வலிக்குது, கை மரத்துப் போகுதா, விரல்ல பலம் கொறஞ்சிருக்கா, கத்திரி பிடிக்க முடியுதா, காய்ச்சல் வந்துச்சா, எடை கொறஞ்சிருக்கா, கீழ எங்கயாவது விழுந்தீங்களா, எல்லாம் கேட்டாங்க. எக்ஸ்ரேவ வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. நாக்க நீட்டச் சொன்னாங்க, ரெண்டு மணிக்கட்டுலயும் மூணு மூணு விரல் வெச்சு நாடி பாத்தாங்க. அப்பறம் கேட்டதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்கல, "இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க, சீட்டு கொண்டு வந்தீங்களா"ன்னு கேட்டு, என்னோட தைராய்டு மாத்திரையோட பேரு, எத்தன மைக்ரோகிராம்னு எழுதி வெச்சுட்டு, "இத ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது, ஊசி போடறது வலிக்கு மட்டும்தான்"னு சொன்னாங்க. யாரு நல்ல வைத்தியர்னு கண்டுபிடிக்க எனக்கு அந்த ஒரு வார்த்தையே போதுங்க.

இப்ப ஊசியப் பத்தி. எங்க லைன் பொண்ணுங்க எல்லாத்துக்கும் பயமே அதுலதான், ஏன்னா மெஷின் ஊசி விரல்ல எறங்குன அனுபவம் எங்கள்ல பாதிப் பேருக்கு இருக்குது, நகத்தத் தொளச்சு அந்தப் பக்கம் வந்து நின்ன கதையெல்லாம் உண்டு. ஆனா ரெண்டும் வேற வேறங்க. பனியன் துணிக்கு நாங்க போடற ஊசி பாக்கெட்ல 75/11ன்னு போட்டிருக்கும், அந்த 75ங்கறதுதான் கனம், அதாவது முக்கால் மில்லிமீட்டர். அக்குபங்சர் ஊசி சாதாரணமா கால் மில்லி, அதவிட மெலிசாவும் இருக்குது. எங்க மெஷின் ஊசில மூணுல ஒரு பங்குதாங்க. ஆஸ்பத்திரில போடற ஊசி மருந்து போறதுக்காக உள்ள ஓட்டையா இருக்கும், நுனி சாய்வா வெட்டியிருக்கும். இது உள்ள ஓட்டை இல்லாத கம்பி, மருந்து எதுவும் உள்ள போறதில்ல. சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள்ள ஊசிய வெச்சு தோல்ல நிக்க வெச்சு மேல விரலால ஒரு தட்டு தட்டுவாங்க, அவ்வளவுதான், கொசு கடிச்ச மாதிரி கூட எனக்கு பாதி எடத்துல தெரியல. அப்பறம் குழாய எடுத்துட்டு கொஞ்சம் உள்ள தள்ளி லேசா திருப்புவாங்க, அப்பத்தான் ஒரு மாதிரி கடுக்கும், கனமா இருக்கும், உள்ளுக்குள்ள ஏதோ அமுக்கற மாதிரி தோள்லருந்து முழங்கை வரைக்கும் எறங்குச்சு எனக்கு. அது வரோணும்னுதான் எதிர்பாப்பாங்களாம், சீனாக்காரங்க அதுக்கு தேச்சின்னு பேரு வெச்சிருக்காங்க. ஆனா சுளீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி போச்சுன்னா, இல்ல ஓயாம எரிஞ்சா, ஒடனே வாய் தெறந்து சொல்லிடோணும், நரம்புல பட்டிருக்கலாம். பல்லக் கடிச்சுட்டுப் படுத்திருக்க இது ஒண்ணும் பிரசவ வலி இல்ல.

ஊசி பாக்கெட்ட உங்க கண்ணு முன்னாடி பிரிக்கோணும். மாத்திரை அட்டை மாதிரி சீல் போட்டு வரும், மேல காலாவதி தேதி இருக்கும், ஒரு தடவ குத்துனா அது குப்பைக்குத்தான். சில எடத்துல "உங்க ஊசிய உங்க பேரு போட்டு டப்பால வெச்சிருக்கோம், அடுத்த தடவயும் அதேதான் போடுவோம்"னு பெருமையா சொல்றாங்க, ஸ்பிரிட்ல தொடச்சுட்டா போதும்னு சொல்றாங்க, அப்படி சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. ஹெபடைட்டிஸ் பி கிருமி ஒடம்புக்கு வெளிய காஞ்ச ரத்தத்துல ஏழு நாள் வரைக்கும் கூட உயிரோட இருக்குமுங்க, ஸ்பிரிட் பஞ்சுல ஒரு இழுப்பு இழுத்தா அது சாவாது. குத்தி எடுத்த ஊசி எங்க போகுதுன்னும் பாருங்க. 2016ல வந்த மருத்துவக் கழிவு விதிப்படி ஊசி பிளேடு மாதிரி கூர்மையான சாமானெல்லாம் குத்துனா ஓட்டை விழாத வெள்ளை டப்பால போடோணும், சாதாரண குப்பைக் கூடைல கெடந்தா அந்தக் கிளினிக் மத்த விசயத்துலயும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொண்ணு, இது எங்க தொழில்காரங்களுக்கு சொல்லாமயே புரியும். எக்ஸ்போர்ட் கம்பெனில மெஷின் ஊசி ஒடஞ்சா என்ன பண்றோம்? எல்லா துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசர் கையெழுத்து போட்டாத்தான் புது ஊசி குடுப்பாங்க. ஒரு துண்டு கெடைக்கலன்னா அந்த மெஷின்ல இருந்த பீஸ் பூரா தனியா எடுத்து வெச்சு மெட்டல் டிடெக்டர்ல விட்டுத்தான் அடுத்தது. யாரோ வெளிநாட்டுக் கொழந்த போடப் போற பனியனுக்கே இவ்வளவு பாக்கறோம், நம்ம ஒடம்புல குத்துன ஊசி எத்தன, எடுத்தது எத்தனன்னு எண்ண வேண்டாமுங்களா? கவுந்து படுத்திருக்கும்போது நமக்கு முதுகு தெரியாது, குத்தும்போதே சத்தமா எண்ணச் சொல்லுங்க. எங்க டாக்டரம்மா அவங்களாவே "பதினொண்ணு போட்டிருக்கேன்"னு சொல்வாங்க, எடுக்கும்போது ஒவ்வொண்ணா எண்ணி டப்பால போடுவாங்க. ஒரு தடவ பத்துதான் வந்துச்சு, தலைமுடிக்குள்ள பின்கழுத்துல ஒண்ணு நின்னுட்டு இருந்துச்சு. எண்ணலன்னா அதோடவே பஸ் ஏறியிருப்பேன்.

மொத நாள் நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், அதயும் சொல்லிடறேன். காலைல பர்மிசன் போட்டுட்டு அவசரமா போனதுல வெறும் டீயோட போயிட்டேன். உக்கார வெச்சு தோள்ல மூணாவது ஊசி போடும்போது கண்ணு இருட்டி, காது அடைச்சு, உள்ளங்கையெல்லாம் வேர்த்துடுச்சு. அவங்க டக்குனு எல்லா ஊசியயும் உருவிட்டு என்னப் படுக்க வெச்சு காலுக்கு கீழ தலகாணி வெச்சாங்க, அஞ்சு நிமிசத்துல சரியாப் போச்சு. வெறும் வயிறு, தூக்கம் இல்லாதது, பயம், மூணும் சேந்தா இப்படி ஆகுமாம். அதனால ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டுப் போங்க, வயிறு முட்டவும் வேண்டாம், மொத தடவ படுத்துக்கிட்டே போட்டுக்கங்க, கையும் காலும் சுருட்டி விடற மாதிரி லூசான துணி போட்டுட்டுப் போங்க. ஊசி போட்டு 20, 25 நிமிசம் அப்படியே விட்டுடுவாங்க, அந்த நேரத்துல கூப்பிட்டா கேக்கற தூரத்துல யாராவது இருக்காங்களான்னு பாத்துக்கங்க. முடிஞ்சதும் தூக்கம் சொக்கும், ஒடனே வண்டி ஓட்ட வேண்டாம், கூட யாராவது வந்தா நல்லது.

தோள்பட்டை வலிக்குப் போறவங்களுக்கு தனியா ஒரு சேதி. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல நாம அடிக்கடி அமுக்கி விட்டுக்கற அந்த மேட்டுக்கு அடியிலதான் நுரையீரலோட நுனி இருக்குதுங்க. அந்த எடத்துல ஆழமா நேரா குத்துனா நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்து வெளிய வந்துடலாம். ரொம்ப அபூர்வமாத்தான் நடக்குது. ஜெர்மனில 2,29,230 பேருக்கு ஊசி போட்டதக் கணக்கெடுத்து 2009ல வெளியிட்டாங்க, அதுல ரெண்டே பேருக்குத்தான் அப்படி ஆச்சு. நூத்துல எட்டு ஒம்பது பேருக்கு ஏதாவது சின்னத் தொந்தரவு இருந்துச்சு, பெரும்பாலும் ரத்தம் கசியறது, கன்னிப் போறது, கொஞ்சம் வலி. ஆனா அது எல்லாம் பயிற்சி எடுத்த டாக்டருங்க குத்துனது, மூணு மாச வகுப்பு முடிச்ச கைக்கு அதே கணக்கு பொருந்தும்னு யாரும் நெனைச்சுக்க வேண்டாம். ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரியோ மறுநாளோ நெஞ்சுல குத்தற மாதிரி வலி, மூச்சு வாங்கறது, வறட்டு இருமல் வந்தா வாயுப் பிடிப்புன்னு பெருங்காயத்தக் கரைச்சுக் குடிச்சுட்டு இருக்காம நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்ட விசயத்தயும் சொல்லி எக்ஸ்ரே எடுங்க.

அவங்க கேக்கலன்னாலும் நீங்களா சொல்ல வேண்டியது சிலது இருக்குது. கர்ப்பமா இருக்கீங்கன்னா, இல்ல நாள் தள்ளிப் போயிருக்குதுன்னா கூட சொல்லிடுங்க, பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல இருக்கற புள்ளி, கணுக்காலுக்கு மேல உள்பக்கம் இருக்கற புள்ளி இதெல்லாம் கர்ப்பத்துல தொடறதில்லைன்னு அக்குபங்சர்லயே பழங்காலத்துலருந்து இருக்குது. ஸ்டென்ட் வெச்சோ வால்வு மாத்தியோ ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, பேஸ்மேக்கர் வெச்சவங்க சொல்லியே ஆகோணும். ஊசில கிளிப் மாட்டி கரண்ட் குடுக்கற முறை ஒண்ணு இருக்குது, பேஸ்மேக்கர்காரங்களுக்கு அது ஆகாது. வலிப்பு வர்றவங்க, சுகர்ல பாதம் மரத்துப் போனவங்க, மார்புப் புத்துநோய்க்கு அக்குள்ல நெணநீர் முடிச்சு எடுத்தவங்க, இவங்களும்தான். பாதம் மரத்தவங்க மாக்ஸான்னு மூலிகைய பத்த வெச்சு சூடு காட்டும்போது ரொம்ப சூதானமா இருக்கோணும், சுட்டாலும் தெரியாது, புண்ணு வந்தா ஆறாது.

சரி, இது உண்மையிலயே வேலை செய்யுதான்னு கேப்பீங்க. எம் பொண்ணு நர்சிங் முடிச்சு ஆஸ்பத்திரில வேலை பாக்கறா, நான் போறேன்னதும் ஒரு வாரம் உக்காந்து படிச்சு எனக்கு சொன்னா. ஒடம்புல சீன்னு ஒரு உயிர்சக்தி ஓடுது, அது ஓடற பாதை 14, அதுல 361 புள்ளி, அடைப்பு விழுந்த எடத்துல ஊசி போட்டா தெறந்துக்கும், இது சீன வைத்தியத்தோட கணக்கு. அந்தப் பாதைய ஒடம்ப அறுத்துப் பாத்து யாரும் கண்டுபிடிச்சதில்ல. ஆனா ஊசி போட்டா வலி கொறையுதுங்கறத சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஜெர்மனில 1,162 இடுப்பு வலிக்காரங்களப் பிடிச்சு மூணு கூட்டமாப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு சரியான புள்ளில ஊசி, ஒரு கூட்டத்துக்கு புள்ளியே இல்லாத எடத்துல மேலாக்க பொய் ஊசி, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான மருந்தும் எக்சர்சைசும். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா சரியான ஊசில 47.6 சதவீதம் பேருக்கு நல்ல கொணம், பொய் ஊசில 44.2, மருந்து எக்சர்சைஸ் பக்கம் 27.4. 2007ல வந்த முடிவு இது.

இதக் கேட்டதும் எனக்கு ரெண்டு நாள் அதே யோசனைங்க. ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு மத்தவங்களவிட கொணம் தெரிஞ்சது நெசம், ஆனா புள்ளி சரியா இருந்தாலும் தப்பா இருந்தாலும் பெருசா வித்தியாசம் இல்ல. அப்ப கொணமானது ஊசி தோல்ல பட்டதாலயா, அரை மணி நேரம் ஒருத்தர் நம்மள உக்கார வெச்சு பொறுமையா கேட்டதாலயா, நல்லாயிடும்னு நாம நம்புனதாலயா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்னுதான் எனக்குத் தோணுது. என் தோளு அஞ்சாவது சிட்டிங்ல கை மேல தூக்கற அளவுக்கு வந்துச்சு, எதனாலன்னு பிரிச்சு சொல்ல என்னால ஆகாது, கூடவே அந்த டாக்டரம்மா சொன்ன எக்சர்சைசும் ஸ்டூல் உயரத்த மாத்துனதும் நடந்துச்சு. நாள்பட்ட இடுப்பு வலி, கழுத்து வலி, முட்டித் தேய்மான வலி, ஒத்தத் தலைவலி, கேன்சருக்கு கீமோ போட்டதும் வர்ற வாந்தி, இதுக்கெல்லாம் போய்ப் பாக்கலாம்னு சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இருக்குது. வாந்திக்கு மணிக்கட்டு ரேகைக்கு மூணு வெரல் மேல உள்பக்கம் கயிறு மாதிரி தெரியற ரெண்டு தசைநாணுக்கு நடுவுல ஒரு புள்ளி உண்டு, எம் பொண்ணே ஆஸ்பத்திரில பேசன்ட்டுங்களுக்கு அமுக்கி விடச் சொல்லுவா. அதுக்கு மேல சுகர் போயிடும், கிட்னி கல்லு கரையும், கேன்சர் ஆறும், கட்டி கரையும்னு போர்டுல எழுதி வெச்சிருந்தா அதுக்கு ஆதாரம் கெடையாதுங்க. உங்க கட்டுரைல அந்த மாதிரி பன்னெண்டு நோய் பேரு போட்டிருந்தீங்க, அதப் பாத்துதான் எனக்கு வயிறு கலங்குச்சு.

சீனாவுல ஆபரேசனே இந்த ஊசிய வெச்சுத்தான் பண்றாங்கன்னும் நெறையப் பேரு சொல்வாங்க. 1971ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர் ஜேம்ஸ் ரெஸ்டன்னு ஒருத்தர் பீகிங் போன எடத்துல குடல்வால் ஆபரேசன் பண்ணிக்கிட்டாரு, அத அவரே எழுதுனதுலதான் அமெரிக்காவுல இது பிரபலமாச்சு. ஆனா அவருக்கு வயித்தக் கிழிச்சது சாதாரணமா மரத்துப் போற மருந்து ஊசி போட்டுத்தான், ஆபரேசன் முடிஞ்சு வயிறு உப்பிக்கிட்டு வலிச்சப்பத்தான் அக்குபங்சர் போட்டாங்க. இந்தப் பின்பாதிய யாரும் சொல்றதில்ல.

காசு விசயம். நான் சிட்டிங்குக்கு 400 ரூவா குடுத்தேன், வாரம் ரெண்டு. எனக்கு அது பெரிய காசுதான். எங்க ஏரியால இன்னொரு எடத்துல மொத நாளே 30 சிட்டிங் பேக்கேஜ், முழுசா கட்டுனா டிஸ்கவுன்ட்னு சொன்னாங்க, வேண்டாம்னு வந்துட்டேன். அமெரிக்காவுல 65 வயசுக்கு மேலானவங்களுக்கு கவர்மென்ட் இன்சூரன்ஸ்ல 2020 ஜனவரிலருந்து நாள்பட்ட இடுப்பு வலிக்கு அக்குபங்சருக்கு காசு குடுக்கறாங்க, எப்படின்னா 90 நாள்ல 12 சிட்டிங், கொணம் தெரிஞ்சா இன்னும் 8, தெரியலன்னா நிறுத்திடோணும். நம்ம காசுக்கும் அதே மாதிரி ஒரு கெடு வெச்சுக்கலாமே. ஆறு சிட்டிங் முடிஞ்சதும், மொதல்ல முடியாத எந்த வேலை இப்ப முடியுதுன்னு ஒங்களையே கேட்டுக்கங்க. நான் பாவாடை நாடா முடிச்ச பின்பக்கமா கை கொண்டு போயி போட முடியுதான்னு வெச்சுப் பாத்தேன்.

இப்ப எங்க அண்ணன் பையன் கதை. அவனுக்கு பன்னெண்டு வயசுலயே சுகருங்க, டைப் 1ன்னு சொல்லுவாங்க, ஒடம்பு இன்சுலின சுரக்கறதயே நிறுத்திடற வகை. தினம் நாலு ஊசி. ஒரே பையன், பள்ளிக்கூடத்துல பாத்ரூமுக்குள்ள போயி ஒளிஞ்சு ஊசி போட்டுக்குவான், எங்க அண்ணனும் அண்ணியும் போகாத கோயில் இல்ல. பதினேழு வயசுல யாரோ சொல்லி ஒரு அக்கு ஹீலர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, ஊசியெல்லாம் கெடையாது, நாடி பாத்து ஒத்த வெரலால ஒரு புள்ளிய தொடறது மட்டும்தான். "இன்சுலின்ங்கறதே விசம், அத நிறுத்துனாத்தான் கணையம் முழிச்சுக்கும், பசிச்சா சாப்பிடு, தாகம் எடுத்தா தண்ணி குடி, மத்தத ஒடம்பு பாத்துக்கும்"னு சொல்லியிருக்காரு. தெனம் நாலு தடவ பெத்த புள்ளைய ஊசில குத்தற தாய்க்கு அந்த வார்த்த எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அண்ணிய நான் கொற சொல்ல மாட்டேன்.

அவர் பேச்சக் கேட்டு இன்சுலின நிறுத்திட்டாங்க. மொத நாளே தாகம் எடுக்க ஆரம்பிச்சுடுச்சு, கொடம் கொடமா தண்ணி குடிச்சான். போன் போட்டுக் கேட்டா "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க". ரெண்டாம் நாள் வாந்தி, அதுக்கும் கழிவு வெளியேறுது. மூணாம் நாள் ராத்திரி நான் அவங்க வீட்டுக்குப் போனேன், பையன் கட்டில்ல கெடக்கறான், கண்ணு உள்ள போயிடுச்சு, ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குது, கிட்டக்க குனிஞ்சா வாயிலருந்து பழம் அழுகுன மாதிரி ஒரு வாசம். எம் பொண்ணுக்கு போன் போட்டு சொன்னதும் அவ சொன்னது, "அம்மா, பேசிட்டு இருக்காத, 108 கூப்பிடு". ஆஸ்பத்திரில சுகர் 500க்கு மேல, இன்சுலின் இல்லாம கொழுப்பு கரையும்போது வர்ற கீட்டோன் ஏறி ரத்தமே அமிலமா மாறிடுச்சு, நாலு நாள் ஐசியூ. இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா இல்லைங்கன்னு டாக்டர் சொன்னப்போ எங்க அண்ணன் அப்படியே தரைல உக்காந்துட்டாரு. பையன் இன்னிக்கு ஐடிஐ படிக்கறான், நல்லா இருக்கான், தெனம் நாலு ஊசி போட்டுக்கறான்.

அந்த ஹீலரு போன் எடுக்கறத நிறுத்திட்டாரு, ஒரு தடவ எடுத்தப்பவும் "நடுவுல ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனதுதான் தப்பு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.

அதனால புதுசா போறவங்க மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி எது தெரியுங்களா? என் நோய்க்கு பலன் இருக்குமான்னு கேக்காதீங்க, எல்லாரும் இருக்கும்னுதான் சொல்லுவாங்க. "நான் இப்ப சாப்பிடற மாத்திரைய என்ன பண்றது"ன்னு கேளுங்க. தொடர்ந்து சாப்பிடுங்க, கொறைக்கோணும்னா எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்கன்னு சொன்னா உக்காருங்க. நிறுத்துங்கன்னு சொன்னா, இல்ல வலி ஜாஸ்தியானாலும் காய்ச்சல் வந்தாலும் எல்லாமே கழிவு வெளியேறுதுன்னு ஒரே பதில் வெச்சிருந்தா, செருப்ப மாட்டிட்டு வந்துடுங்க. சுகர், பிபி, வலிப்பு, தைராய்டு, ஆஸ்துமா இன்ஹேலர், காசநோய் மாத்திரை, மனநல மாத்திரை, எதுவா இருந்தாலும் சரி. இன்னொண்ணும் கவனிங்க, நான் மேல சொன்ன ஆராய்ச்சியெல்லாம் ஊசி குத்தற அக்குபங்சருக்குத்தான், வெரல் வெச்சு தொடறதுக்கு அதக் காட்டி ஆள் சேத்தறது சரியில்ல.

ஊசிக்காரங்ககிட்ட போகவே கூடாத நேரமும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணிப் போச்சு, கை கால் திடீர்னு வரல, பேச்சு கொழறுதுன்னா பக்கவாதம், ரத்தக் கட்டிய கரைக்கற மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அந்த நேரத்த எந்த ஹீலர் வீட்டுத் திண்ணைலயும் கழிச்சுடாதீங்க. நெஞ்சு வலியும் அப்படித்தான். இடுப்பு வலியோட ஒண்ணுக்கு அடைச்சுக்கிச்சு, கட்டுப்பாடு இல்லாம போகுது, தொடை நடுவுல மரத்துப் போச்சுன்னா அன்னிக்கே பெரியாஸ்பத்திரி.

படிப்பு என்னன்னு கேக்க வெக்கப்படாதீங்க. மத்திய அரசு 2003ல அக்குபங்சர ஒரு சிகிச்சை முறையா அனுமதிச்சுது, 2019ல தனி சிகிச்சை முறையாவே ஏத்துக்கிச்சு, மேற்கு வங்கத்துலயும் மகாராஷ்டிராவுலயும் இதுக்குன்னு தனி சட்டமே இருக்குது. ஆனா சிகிச்சை முறைய ஏத்துக்கிட்டது வேற, செவுத்துல சர்ட்டிபிகேட் மாட்டுன எல்லாரயும் ஏத்துக்கிட்டது வேற. எங்க படிச்சீங்க, எத்தன வருசம், நேர்ல போயி படிச்சதா தபால்ல படிச்சதா, பேருக்கு முன்னாடி டாக்டர்னு எத வெச்சுப் போட்டிருக்கீங்கன்னு கேளுங்க. எங்க டாக்டரம்மா கேட்டதும் பதிவு நம்பர் போட்ட சீட்ட எடுத்துக் காட்டுனாங்க, கோவிச்சுக்கல. அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி சென்னை அரும்பாக்கத்துல இருக்குது, அந்தப் பக்கம் இருக்கறவங்க அங்கயும் விசாரிக்கலாம்.

ஆசிரியர் ஐயா, அடுத்த தடவ இந்த மாதிரி பேட்டி எடுக்கும்போது ஒங்க நிருபர் தம்பிகிட்ட சொல்லி அந்த மாத்திரைக் கேள்விய அவரயும் கேக்கச் சொல்லுங்க, அந்த வைத்தியர் சொல்ற பதில அப்படியே அச்சுல போடுங்க. எங்க லைன்லருந்து போற மூணு பேர்ல ஒருத்தங்களுக்கு சுகரு, காலைல ஒரு மாத்திரை ராத்திரி ஒரு மாத்திரை. அவங்க சீட்ட நானே வாங்கி ஒரு காயிதத்துல பெருசா எழுதி பர்ஸ்ல வெச்சு விட்டிருக்கேன், ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகி,
பவர் டேபிள் டெய்லர், திருப்பூர்.